1,850 ரூபாய் ஆற்றல் பெட்டி: ஜூல் கணக்கு நேராகிறதா?

சென்னை பாரிமுனை, பிராட்வே பக்கத்துச் சந்துகளில் பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளுக்குப் போனால் இந்தப் பெட்டி கண்ணில் படும். கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. "ஆற்றல் செயல்முறைப் பெட்டி, 8 முதல் 10ஆம் வகுப்பு வரை" என்று ஒரு ஸ்டிக்கர் மட்டும். ஒட்டியிருக்கும் விலை 1,850 ரூபாய். இரண்டு மூன்றாக எடுத்தால் குறைத்துத் தருகிறார்கள். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் டியூஷன் நடத்துகிறவர்கள், அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஆசிரியர்கள், வீட்டில் செய்து காட்ட நினைக்கும் பெற்றோர் ஆகியோருக்காக இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கலாம். உள்ளே இருக்கும் 24 பக்கக் கையேட்டை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். ஸ்பிரிங்கும் சூப்பர் கெபாசிட்டரும் (மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் மின்தேக்கி) கொடுத்த காசுக்குப் பழுதில்லை. வெப்பப் பகுதி பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது. கையிலிருந்து இன்னும் கொஞ்சம் செலவழித்தால் மீதியையும் தாண்டிவிடலாம். எடை இறங்கி டைனமோவைச் சுற்றுவதாக அட்டையில் போட்டிருக்கும் படம் சுத்தப் பொய்.

கையேட்டின் கோளாறு என்னவென்றால், எல்லாவற்றுக்கும் ஒரே அம்புக்குறி. "மின்னாற்றல் → ஒளி ஆற்றல்", "நிலை ஆற்றல் → இயக்க ஆற்றல்". பிள்ளைகளும் அதை அப்படியே மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது, எந்த வழியாகப் போனது என்ற கேள்வி 24 பக்கத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. ஆற்றல் என்பது சவுகார்பேட்டை கணக்குப்பிள்ளை எழுதும் பற்று வரவு மாதிரி. எந்தப் பெட்டியில் எவ்வளவு இருப்பு, எந்த வழியாகக் கைமாறியது, கடைசியில் ஐந்தொகை நேராகிறதா என்று பார்க்க வேண்டும். சேமிப்பு வேறு, கைமாறும் வழி வேறு. இழுத்த ஸ்பிரிங், உயர்த்திய எடை, ஓடும் வண்டி, சூடான தண்ணீர், பேட்டரியின் வேதிப்பொருள் எல்லாம் இருப்பு. விசை கொண்டு தள்ளுவது, மின்னோட்டம், வெப்பம் பரவுவது, ஒளியும் மற்றக் கதிர்வீச்சும் கைமாறும் வழிகள். இந்தப் பெட்டியில் உள்ள சாமான்களைக் கொண்டு ஜூல் ஜூலாக (ஆற்றலை அளக்கும் அலகுதான் ஜூல்) இந்தக் கணக்கைப் போட முடியும். அதனால்தான் வாங்கலாம் என்கிறோம்.

பெட்டிக்குள் இருப்பவை: 60 செ.மீ. ஓடுதளம், 200 கிராம் தள்ளுவண்டி, இரண்டு ஸ்பிரிங், கொக்கியோடு 50 கிராம் எடை ஐந்து, ஊசல் குண்டும் நூலும், கையால் சுற்றும் டைனமோ, 5.5 வோல்ட் 1 ஃபேரட் கெபாசிட்டர், சிவப்பு எல்.இ.டி. நான்கு, 220 ஓம் தடை, 10 ஓம் 10 வாட் சிமென்ட் தடை, நான்கு பென்டார்ச் செல் மாட்டும் உறை (செல் கிடையாது), சின்ன சோலார் தகடு, எவர்சில்வர் டம்ளர், சாதாரணத் தெர்மாமீட்டர், இரண்டு பக்கமும் மூடி போட்ட 60 செ.மீ. பிவிசி குழாய், அதற்குள் போட இரும்புக் குண்டுகள், முதலை கிளிப் ஒயர் ஆறு. மல்டிமீட்டர் இல்லை. அது இல்லாமல் இந்தப் பெட்டியில் பாதி வெறும் பொம்மைதான். கையில் இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிக்கொண்டு பிறகு இதை வாங்குங்கள்.

முதலில் ஸ்பிரிங். மெல்லியதன் மேல் "40 நியூட்டன்/மீட்டர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். 50 கிராமாக ஏற்றித் தொங்கவிட்டுப் பார்த்தால் நீட்சி இப்படி வருகிறது: 50 கிராமுக்கு 0.5 செ.மீ., 100க்கு 1.9, 150க்கு 3.2, 200க்கு 4.6, 250க்கு 6.0. முதல் எடைக்கு அரை சென்டிமீட்டர். அதற்குப் பிறகு ஒவ்வொரு 50 கிராமுக்கும் ஏறத்தாழ 1.36 செ.மீ. காரணம் எளிது. இது வளையங்கள் ஒன்றோடொன்று நெருக்கிச் சுற்றிய ஸ்பிரிங். சும்மா இருக்கும்போதே வளையங்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிடிப்பை விடுவிக்கவே ஏறத்தாழ 0.3 நியூட்டன் வேண்டும். அதற்கு மேல் இழுத்தால்தான் நீளத் தொடங்கும். உண்மையான ஸ்பிரிங் மாறிலி (k, அதாவது ஒரு மீட்டர் நீட்சிக்கு எத்தனை நியூட்டன் விசை என்பது) 0.49 நியூட்டனை 0.0136 மீட்டரால் வகுத்தால் வருவது, அதாவது 36. பிறகு 40 எங்கிருந்து வந்தது? 250 கிராமை ஒரே தடவை தொங்கவிட்டு, 2.45 நியூட்டனை 0.06 மீட்டரால் வகுத்துப் பாருங்கள், 41 வருகிறது. அச்சடித்தவர்கள் செய்தது இதுவாகத்தான் இருக்கும். அதே முறையில் 50 கிராமை மட்டும் தொங்கவிட்டால் 90க்கு மேல் போகும். ஆகவே ஒரே அளவீட்டை நம்பக்கூடாது. ஐந்து புள்ளி வைத்து வரைபடம் போட்டு, கோட்டின் சாய்வை எடுக்க வேண்டும்.

இதனால் ஆற்றல் கணக்கும் கொஞ்சம் மாறும். 10 செ.மீ. இழுத்தால் அரை k x² (x என்பது நீட்சி) மட்டும் போதாது. தொடக்கப் பிடிப்பை எதிர்த்துச் செய்த வேலையையும் கூட்ட வேண்டும். அரை × 36 × 0.01 = 0.18 ஜூல், 0.3 × 0.1 = 0.03 ஜூல், மொத்தம் 0.21. அச்சிட்ட 40ஐ வைத்துப் போட்டால் 0.20. இரண்டு தவறு ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு கிட்டத்தட்ட சரியான விடையைத் தருகின்றன. 5 செ.மீ.க்குச் செய்து பாருங்கள்: 0.045ம் 0.015ம் சேர்ந்து 0.06, அச்சிட்ட எண்ணுக்கு 0.05. அங்கே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த 0.21 ஜூலை வண்டிக்குக் கொடுப்போம். ஸ்பிரிங்கை ஓடுதளத்தின் முன் தடுப்பில் மாட்டி, மறுமுனையை வண்டியின் வளைந்த ஆணியில் கொக்கியிட்டு 10 செ.மீ. பின்னுக்கு இழுத்து விட வேண்டும். ஸ்பிரிங் பழைய நீளத்துக்கு வந்ததும் கொக்கி தானாகக் கழன்றுவிடும். கழலாமல் வண்டியைப் பிடித்து இழுத்தால் ஆணியைக் குறடால் கொஞ்சம் நிமிர்த்துங்கள். வேகத்தை அளக்க, ஓடுதளத்தோடு ஒரு ஸ்கேலை ஒட்டிவிட்டு, போனில் ஸ்லோமோஷனில் நொடிக்கு 120 ஃபிரேமாகப் படம் பிடித்தால் போதும். சாதாரண 30 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேமுக்கு வண்டி 4 செ.மீ.க்கு மேல் தாவிவிடும், கணக்குக்கு உதவாது.

வேகம் நொடிக்கு 1.3 மீட்டர் வாக்கில் வருகிறது. இயக்க ஆற்றல் 0.17 ஜூல். 0.04 ஜூல் துண்டு விழுகிறது. கையேடு இதற்கு "உராய்வால் வீணாகிறது" என்று ஒரே வரியில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. உராய்வு எவ்வளவு என்று அளந்தே பார்த்துவிடலாம். ஓடுதளத்தின் ஒரு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, லேசாகத் தட்டினால் வண்டி ஒரே சீரான வேகத்தில் உருளும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். 60 செ.மீ.க்கு 1.5 செ.மீ. உயர்த்தினால் போதுமாக இருக்கிறது. வண்டியின் எடை 1.96 நியூட்டன், அதை 1.5/60ஆல் பெருக்கினால் உராய்வு விசை ஏறத்தாழ 0.05 நியூட்டன். 10 செ.மீ.க்கு 0.005 ஜூல். எட்டில் ஒரு பங்குதான்! மீதி எங்கே? சக்கரங்கள் முன்னே போவதோடு சுழலவும் செய்கின்றன. நான்கும் சேர்ந்து 40 கிராம். சுழற்சிக்கென்று தனியாக ஏறத்தாழ 0.017 ஜூல். ஸ்பிரிங்கும் தானே நகர்கிறது. 30 கிராம் ஸ்பிரிங்கில் மூன்றில் ஒரு பங்கு எடை வண்டியின் வேகத்தில் போவதாக எடுத்துக்கொண்டால் 0.008. எல்லாம் கூட்டினால் 0.03 வந்துவிடுகிறது. பாக்கி 0.01. 20 செ.மீ. தூரத்தை 18, 19 ஃபிரேமில் எண்ணும்போது ஒரு ஃபிரேம் தவறினாலே வேகத்தில் 5 சதவீதம், ஆற்றலில் 10 சதவீதம் மாறும். பாக்கி அந்தப் பிசகுக்குள் அடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சுழற்சி இயக்க ஆற்றலுக்கான சூத்திரம் தேவையில்லை. "உராய்வு" என்ற ஒரே குப்பைத்தொட்டியில் எல்லாவற்றையும் கொட்டிவிடக் கூடாது என்பது தெரிந்தால் போதும்.

ஊசல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உயரத்தைக் குண்டின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். 10 செ.மீ. இறங்கினால் அடியில் வேகம் நொடிக்கு 1.4 மீட்டர். கொடுத்திருக்கும் நூல் நைலான், இழுத்தால் நீளும். தையல்கடை நூலுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது டைனமோவும் கெபாசிட்டரும். பெட்டியில் உயிரான பகுதி இதுதான். காலியான கெபாசிட்டரை டைனமோவோடு இணைத்துச் சுற்றிப் பாருங்கள், தொடக்கத்தில் கைப்பிடி கனக்கும். அதே வேகத்தில் சுற்றச் சுற்ற, வோல்ட் ஏற ஏற, கைப்பிடி இலேசாகிக்கொண்டே வரும். ஸ்பிரிங்கில் இதற்கு நேர்மாறாக, இழுக்க இழுக்கக் கனக்கும். காலிக் கெபாசிட்டருக்குள் மின்னோட்டம் தடதடவென்று பாய்கிறது. டைனமோவை எதிர்த்து நிற்பது அந்த மின்னோட்டம். வோல்ட் ஏறியதும் பாய்ச்சல் குறைகிறது. பிறகு கையை விடுங்கள், கைப்பிடி தானாகவே சுற்றும். எந்தத் திசையில் சுற்றும் என்று வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் "ரிவர்ஸ்ல" என்பார்கள். சுற்றிய திசையிலேயேதான் சுற்றும். மின்னோட்டம்தான் திரும்பிப் பாய்கிறது. கெபாசிட்டரின் கூட்டல் முனை கூட்டலாகவே இருப்பதால், டைனமோ மோட்டாராகி அதே திசையில் ஓடுகிறது.

ஆனால் பெட்டியில் வருகிற கெபாசிட்டரில் இந்த வேடிக்கை இரண்டு மூன்று சுற்றோடு நின்றுவிடும். அது பொத்தான் வடிவம். உள்ளே இரண்டு அறை தொடராக இருக்கிறது, அகத்தடை (கெபாசிட்டருக்குள்ளேயே இருக்கும் மின்தடை) 30 ஓம் அளவுக்கு வரும். 0.1 ஆம்பியர் எடுத்தாலே 3 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். கடிகாரத்துக்கும் மெமரிக்கும் பின்துணையாக நிற்கச் செய்த சாமானிடம் மோட்டாரைத் தள்ளச் சொன்னால் எப்படி? ரிச்சி தெருவில் உருளை வடிவ 2.7 வோல்ட் 10 ஃபேரட் கேட்டு வாங்குங்கள். அதன் அகத்தடை ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 2.5 வோல்ட் வரை ஏற்றினால் 31 ஜூல். கைப்பிடி நின்று நிதானமாகச் சுற்றும். 2.7 வோல்ட்டைத் தாண்டவிடக்கூடாது; மல்டிமீட்டரைப் பார்த்துக்கொண்டே சுற்ற வேண்டும். இரண்டு முனையையும் நேராகத் தொடவைத்தால் பொறி பறக்கும், ஒயர் சுடும். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் தனியாகக் கொடுக்காதீர்கள்.

பொத்தான் கெபாசிட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். எல்.இ.டி. கணக்குக்கு அது அருமையான சாமான். 5 வோல்ட் வரை ஏற்றுங்கள். இங்கே ஏமாந்துபோக ஓர் இடம் இருக்கிறது. ஏற்றிக்கொண்டிருக்கும்போது மீட்டர் காட்டும் வோல்ட்டில் அகத்தடையில் விழுவதும் சேர்ந்திருக்கும். டைனமோவைக் கழற்றினால் 5 என்று காட்டியது சட்டென்று 3 சொச்சத்துக்கு இறங்கும். பிள்ளைகள் "லீக் ஆகுது சார்" என்பார்கள். லீக் இல்லை, உள்ளே போனதே அவ்வளவுதான். கழற்றி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஏற்றி, இப்படி மூன்று நான்கு முறை செய்து, சும்மா இருக்கும்போதும் 5.0 காட்டினால்தான் கணக்குத் தொடங்க வேண்டும்.

அரை CV² சூத்திரம் பிளஸ் டூவில்தான் வரும். பத்தாம் வகுப்புக்கு வேறு வழி இருக்கிறது. 1 ஃபேரட்டில் 5 வோல்ட் என்றால் 5 கூலும் மின்னூட்டம். முதல் கூலும் ஏறும்போது வோல்ட் பூஜ்யத்துக்குப் பக்கம், கடைசிக் கூலும் ஏறும்போது 5க்குப் பக்கம். சராசரி 2.5. ஐந்து கூலும் × 2.5 வோல்ட் = 12.5 ஜூல். இதுதான் இருப்பு.

இப்போது 220 ஓம் தடை வழியாகச் சிவப்பு எல்.இ.டி.யை இணையுங்கள். தொடக்கத்தில் ஏறத்தாழ 12 மில்லி ஆம்பியர். பத்து நிமிடத்தில் 1 மில்லி ஆம்பியருக்கு இறங்கி, விளக்குத் தணல் போல ஆகிவிடும். சிவப்பு எல்.இ.டி. எரிய 1.9 வோல்ட் அளவுக்கு வேண்டும். அதற்குக் கீழே போனதும் பாய்ச்சல் நின்றுவிடும். அதாவது 5லிருந்து 1.9 வரை 3.1 கூலும் வெளியே வந்தது. எல்.இ.டி.க்குக் கிடைத்தது 3.1 × 1.9 = 5.9 ஜூல். கெபாசிட்டரிலேயே தங்கிவிட்டது 1.8 ஜூல். மீதி 4.8 ஜூல் 220 ஓம் தடையையும் கெபாசிட்டரின் அகத்தடையையும் சூடாக்கிவிட்டது. கூட்டிப் பாருங்கள், 12.5. எல்.இ.டி.க்குப் போன 5.9லும் ஒரு பகுதிதான் ஒளியாக வெளியேறும்; மீதி அந்தச் சின்னச் சில்லைச் சூடாக்கும். கையேடு இதே சோதனைக்கு எழுதியிருப்பது ஒரே வரி: "சேமித்த மின்னாற்றல் முழுவதும் ஒளியாக மாறுகிறது." முழுவதுமா!

இன்னொரு சோதனையும் செய்யலாம், கையேட்டில் இல்லாதது. அதே கெபாசிட்டரை 5 வோல்ட் போன் சார்ஜரிலிருந்து 220 ஓம் வழியாக ஏற்றுங்கள். சார்ஜர் கொடுப்பது 5 கூலும் × 5 வோல்ட் = 25 ஜூல். கெபாசிட்டரில் சேர்வது 12.5. சரிபாதி தடையில் வெப்பமாகிவிடுகிறது. தடையை 220க்குப் பதில் 1,000 ஓம் ஆக்கினாலும், 100 ஓம் ஆக்கினாலும் அதே பாதிதான். நேரம் மட்டும் கூடும், குறையும்.

எடை இறங்கி டைனமோவைச் சுற்றும் படம் பற்றி மேலே சொன்னோம். ஐந்து எடையையும் சேர்த்தால் 250 கிராம். டைனமோவுக்குள் பல்சக்கரங்கள் இருப்பதால், கைப்பிடி அச்சில் நூல் சுற்றி 250 கிராமைத் தொங்கவிட்டால் அது அசையவே இல்லை. பல்சக்கர உராய்வைத் தாண்ட அந்த எடை போதாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டால் இறங்கும், எல்.இ.டி. மினுக்கும். ஒரு மீட்டருக்கு 9.8 ஜூல்.

வெப்பத்துக்கு வருவோம். குழாய்க்குள் இரும்புக் குண்டுகளைப் போட்டு, தலைகீழாகத் திருப்பித் திருப்பி, குண்டுகள் விழுந்து சூடாவதைக் காட்டும் சோதனை. 1840களில் ஜேம்ஸ் ஜூல் எடைகளை இறக்கித் தண்ணீரைக் கலக்கி வெப்பநிலை ஏற்றத்தை அளந்தாரே, அதன் எளிய தம்பி. இதில் ஓர் அழகு உண்டு: குண்டுகளின் எடை கணக்கிலிருந்தே அடிபட்டுப் போகும். கால் கிலோ போட்டாலும் அரைக் கிலோ போட்டாலும் ஏறும் வெப்பநிலை ஒன்றே. ஆனால் பெட்டிக்காரர்கள் இங்கேதான் கோட்டை விட்டார்கள். இது ஈயக்குண்டுக்கென்று வகுத்த சோதனை. ஈயத்தின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய ஆற்றல், 130 ஜூல் அளவு. இரும்புக்கு 450, 470. ஈயம் நஞ்சு என்பதால் மாற்றியது சரிதான். மாற்றியவர்கள் கணக்கையும் மாற்றியிருக்க வேண்டாமா? 60 செ.மீ. குழாயில் குண்டுகள் அடியில் எடுத்துக்கொள்ளும் இடம் போக, விழும் உயரம் 55 செ.மீ. கையேடு சொல்கிறபடி 50 முறை திருப்பினால் 50 × 9.8 × 0.55 வகுத்தல் 470, அதாவது 0.6 டிகிரிகூட இல்லை. கொடுத்திருக்கும் தெர்மாமீட்டரில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 1 டிகிரி! எப்படித் தெரியும்?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டிக்கு மாட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும். ஒயர் முனையில் குமிழ், 0.1 டிகிரி வரை காட்டும். அதன் எண் அரை டிகிரி கூடக் குறையக் காட்டினாலும் பரவாயில்லை, நமக்கு வித்தியாசம்தான் தேவை. குழாயை 200 முறை திருப்பினால் கணக்குப்படி 2.3 டிகிரி. வெறுங்கையால் பிடித்தால் உள்ளங்கைச் சூடு கலந்துவிடும்; துண்டு சுற்றிப் பிடியுங்கள். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை வாங்கிப் போட்டால் மூன்றரை மடங்கு ஏற்றம் தெரியும். அதை ஆசிரியர் மட்டும் கையாண்டு, குழாயை ஒட்டி மூடிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

சிமென்ட் தடையைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கும் சோதனைக்கு வருவோம். டம்ளரில் 100 மில்லி தண்ணீர், நான்கு பென்டார்ச் செல், 10 நிமிடம். கையேடு "6 வோல்ட்" என்று வைத்துக் கணக்குப் போடுகிறது: 3.6 வாட், 2,160 ஜூல், 5.1 டிகிரி. நடப்பது வேறு. அரை ஆம்பியருக்கு மேல் இழுத்தால் புதுச் செல்லே 5.7 வோல்ட்டில் தொடங்கி 4.8க்கு இறங்கிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை வோல்ட்டைக் குறித்துக்கொண்டு வந்தால் சராசரி 5.2, 2.7 வாட்; 1,620 ஜூல். செல்லைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். காணாமல் போன வோல்ட் செல்லுக்குள்ளேயே வெப்பமாகியிருக்கிறது. அடுத்து, சூடாவது தண்ணீர் மட்டுமா? ஒரு டிகிரிக்குத் தண்ணீருக்கு 420 ஜூல், எவர்சில்வர் டம்ளருக்கு 30, தடைக்கு 8. ஆக 458. கணக்குப்படி 3.5 டிகிரி ஏற வேண்டும், நடப்பில் 3.3 ஏறுகிறது. அந்த நூறு சொச்சம் ஜூல் அறைக்குப் போய்விட்டது.

அதைக் குறைக்கவும் வழி உண்டு. அறை 33 டிகிரி என்றால் தண்ணீரை 31லிருந்து தொடங்கி 35 வாக்கில் முடியுங்கள். முதல் பாதியில் அறையிலிருந்து வந்தது பின்பாதியில் திரும்பிப் போய்விடும். வெப்பத்தை ஆராய்ந்த பழைய அறிவியலாளர் ரம்ஃபோர்டு காலத்து உத்தி இது. ஆசைப்பட்டு ஃபிரிட்ஜ் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். ராயபுரம், திருவொற்றியூர் கடற்காற்றில் ஈரப்பதம் எப்போதும் தூக்கல். கூல்டிரிங்ஸ் பாட்டில் வேர்ப்பது போல டம்ளர் வெளியே வேர்க்கும். ஒரே ஒரு கிராம் நீராவி டம்ளர்மேல் படிந்தால் 2,400 ஜூல் உள்ளே வரும். செல் பத்து நிமிடம் கொடுத்தது 1,620தான்! வெளியே துளிர்த்திருக்கும் பனித்துளி கணக்கையே கவிழ்த்துவிடும்.

தண்ணீரும் முக்கியம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. தடையின் இரண்டு கால்களும் வெறும் கம்பியாகத் தண்ணீரில் நிற்பதால், உப்புத் தண்ணீர் வழியாகவும் மின்னோட்டம் பாயும். கம்பியிலிருந்து பொடிக்குமிழ் கிளம்பும். ஆற்றலில் ஒரு பங்கு தண்ணீரைப் பிரிக்கப் போகிறது என்று அர்த்தம். கால்களுக்கு எம்சீல் பூசிக் காயவிடுங்கள், கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

சோலார் தகடு 11க்கு 6 செ.மீ., "6 வோல்ட் 100 மில்லி ஆம்பியர்". உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்று கொண்டால் தகட்டில் விழுவது 6.6 வாட், வருவது அதிகபட்சம் 0.6. கெபாசிட்டரோடு நேராக இணைக்கச் சொல்கிறது கையேடு. வெயிலில் சுமையில்லாத தகடு 6 வோல்ட்டுக்கு மேலே போகும். கெபாசிட்டரின் எல்லை 5.5. மீட்டரில் 5 வந்ததும் கழற்றுங்கள். மேகம் மறைத்தால் கெபாசிட்டர் தகடு வழியாகவே திரும்பி வடியும். மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்5819 டயோடு ஒன்றை நடுவில் போட்டால் வடியாது; 0.3 வோல்ட் அது எடுத்துக்கொள்ளும். சில்லறைக் காசில் கிடைக்கும் இந்தச் சாமானைப் பெட்டியில் போட ஏன் மனம் வரவில்லையோ.

இந்த ஜூல்கள் எவ்வளவு பெரிது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பொத்தான் கெபாசிட்டரில் 12.5. 5,000 மில்லி ஆம்பியர் மணி போன் பேட்டரியில் ஏறத்தாழ 69,000. மொட்டைமாடியில் 9 மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தால் 88,000. சட்டைப்பையில் கிடக்கும் போனைவிடக் கொஞ்சம்தான் அதிகம்! ஒரு எச்.பி. மோட்டார் 20 நிமிடம் ஓடி அதை நிரப்பியதென்றால் மோட்டார் தண்டு கொடுத்ததே ஏறத்தாழ 9 லட்சம் ஜூல்; பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறி நிற்கிறது. ஈபி மீட்டரில் ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி இன்வெர்ட்டர் பேட்டரி 1.8 யூனிட். தண்ணீரை மேலே ஏற்றிவைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் வேலையைக் கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் அளவில் செய்கிறார்கள். அங்கே மலை இருக்கிறது, நம் மாடித் தொட்டிக்கு அது ஆகாது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வேதி ஆற்றலிலும் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் கம்பியில் ஏறுகிறது. மீதி குளிர்விக்கும் நீரோடும் புகைபோக்கி வழியாகவும் போய்விடுகிறது. எல்.இ.டி. கணக்கில் தடைக்குப் போன 4.8 ஜூலைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்.

பராமரிப்பு. உப்புக்காற்றில் ஸ்பிரிங்கும் இரும்புக் குண்டும் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். தையல்மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவித் துடைத்து, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு ஜிப் கவரில் போடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து வளையங்களை ஒட்டிவிடும். இரும்புக் குண்டு போட்ட குழாயைச் சோதனை முடிந்ததும் திறந்து வையுங்கள்.

விற்றபின் மாற்றித் தரும் வழக்கம் இந்தச் சாமானுக்கு இல்லை, கேரண்டி அட்டையும் கிடையாது. கடையிலேயே பார்க்க வேண்டியவை நான்கு. டைனமோவை இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள்; கடகடவென்று சத்தத்தோடு நழுவினால் பல் தேய்ந்தது. வண்டியைக் கண்ணாடி மேஜைமேல் உருட்டுங்கள்; நேராகப் போகாமல் வளைந்தால் அச்சு கோணல். கெபாசிட்டரின் கழித்தல் முனைக் குறி அழியாமல் இருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கை விரலால் இழுத்து விடுங்கள். வளையங்களுக்கு நடுவே எங்காவது வெளிச்சம் தெரிந்தால் யாரோ முன்பே அளவுக்கு மீறி இழுத்தது, வேறு பெட்டி கேளுங்கள்.